ஏழு திணையும் ஒரு பென்சிலும்: பல ஜோடிக் காதல் படத்தைக் கோத்தகிரிக் குளிரில் கூடிப் பார்க்க

ஏழெட்டுக் காதல் கதைகள் பின்னிப் பின்னி வரும் படத்தைப் போட்டால் அரை மணியில் கேள்வி வந்துவிடும்: "இவ யாரு? அந்தத் தாடிக்காரனுக்குத் தங்கச்சியா?" பெயர்களை நினைவில் வைக்கப் பார்ப்பதால் வரும் வினை இது. பெயரை விடுங்கள், எந்த வகைக் காதல் என்று பிடியுங்கள். அதற்கான கணக்கைத் தொல்காப்பியம் ஏழு திணைகளாக எப்போதோ போட்டு வைத்திருக்கிறது.

பார்ப்பவர் ஒவ்வொருவரும் ஒரு முழுத்தாளை எட்டாக மடியுங்கள். குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்குக் காத்திருப்பு, மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிவு, கைக்கிளைக்கு ஒருதலைக் காதல், பெருந்திணைக்குப் பொருந்தாக் காதல் என எழுதுங்கள். எட்டாவது கட்டம் காலியாகவே இருக்கட்டும். பென்சிலால் எழுதுவது முக்கியம், ஏனென்றால் படத்தின் ஆட்கள் கட்டம் மாறுவார்கள். 'டிரம்ஸ் பையன்' என்பதுபோல ஆளுக்கு ஓர் அடையாளம் போதும்.

பழகுவதற்கு 'லவ் ஆக்சுவலி' (2003) நல்ல ஆங்கிலப் படம். 135 நிமிடம். கிறிஸ்துமஸுக்கு எத்தனை வாரம் மீதி என்று திரையிலேயே எழுத்து வரும். அப்போது மட்டும் தாளைப் பாருங்கள், மற்ற நேரம் கண் திரையில் இருக்கட்டும்.

நண்பனின் மனைவியை விரும்புகிறவன் கைக்கிளை, அதில் சந்தேகமே இல்லை. பொதுமொழி இல்லாத எழுத்தாளரும் போர்ச்சுகல் பெண்ணும் குறிஞ்சியில் தொடங்கிப் பாலைக்குப் போகிறார்கள். மனைவியை இழந்தவரின் நிலையைத் தொல்காப்பியர் 'தபுதார நிலை' என்று புறத்தில் வைக்கிறார். நம் தாளில் நெய்தல் போதும். வயதான பாடகரும் அவர் மேலாளரும் ஏழிலும் அடங்க மாட்டார்கள். எட்டாவது கட்டம் அவர்களுக்காகத்தான்.

மருதத்தில் நிதானமாக நில்லுங்கள். கணவனின் கோட்டுப் பையில் நகையைப் பார்த்துவிட்ட மனைவிக்குப் பரிசாக வருவது ஒரு பாட்டு சிடி. படுக்கையறைக்குத் தனியாகப் போகிறாள். நின்றபடியே அழுகிறாள், கண்ணைத் துடைக்கிறாள், கட்டில் விரிப்பை நீவிச் சரிசெய்கிறாள், பிள்ளைகளிடம் திரும்பிப் போகிறாள். சங்கப் பாடலின் தலைவிக்குக் கோபத்தைச் சொல்லத் தோழி உண்டு. இவளுக்கு அந்த அறையில் விரிப்பு மட்டும்தான். இந்தக் காட்சியின்போது டீ போட யாரும் எழக் கூடாது.

படப்பிடிப்பில் டூப்பாக நடிக்கும் ஜோடியின் காட்சிகளில் நிர்வாணம் உண்டு, ஆகவே பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள். நான்கு கதைகளும் தனித்தனியாக வரும் 'சில்லுக்கருப்பட்டி' (2019) என்றால் தாள் வேலை குறைவு.

இனி மலைக்கே உரிய தொல்லைகள். குளிர்ந்த அறையில் கிடந்த புரொஜெக்டரை ஆள் நிறைந்த அறைக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் ஈரம் படரும். துடைத்தால் கீறல் விழும். அரை மணி முன்பே கொண்டுவந்து வைத்துவிடுங்கள், கெட்டிலைப் பக்கத்தில் வைக்காதீர்கள். 100 அங்குலப் படத்துக்கு 221 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம் சுவர் வேண்டும். சாதாரண புரொஜெக்டருக்கு ஏறக்குறைய 3 மீட்டர் தூரம். மழைக்காற்றில் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும், படத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். விஎல்சி பிளேயரில் சப்டைட்டில் பிந்தி வந்தால் 'ஜி', முந்தி வந்தால் 'எச்' விசை. ஓர் அழுத்தலுக்கு 50 மில்லிசெகண்ட் நகரும்.

கதவைச் சாத்திக்கொண்டு கரிக்கணப்பு வைக்கவே வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலியும் தூக்கமுமாகத் தொடங்கி உயிரையே எடுத்துவிடும். கம்பளியும் சூடான டீயும் போதும். வர்க்கியை இடைவேளைக்கு ஒதுக்குங்கள், நாலு பேர் கடித்தால் வசனம் கேட்காது.

படம் முடிந்ததும் தாள்களை ஒப்பிடுங்கள். சண்டை வருவது அலுவலகப் பெண் சாராவால்தான். ஆசைப்பட்டவன் அருகில் இருக்கும்போதே, மனநலம் குன்றிய சகோதரனின் அழைப்பை எடுக்கிறாள். கைக்கிளை என்பார் ஒருவர், பாலை என்பார் இன்னொருவர். அந்தக் காட்சியை மறுபடி போட்டு, போன் அடிக்கும்போது அவள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.