குடும்ப நல அமைப்புகளின் திட்டமிடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டு நிறுவனங்களில் புதிதாகப் பொறுப்புக்கு வருபவர்கள் தங்கள் மூன்றாண்டுத் திட்டத்தை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. எங்கள் தலைமுறை விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். கணக்கை ஒழுங்காக வையுங்கள், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவைப் புதுப்பியுங்கள் என்பதையெல்லாம் ஆடிட்டரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாதவை இவை.

நிதிக்கு ஏற்பத் திட்டம் போடுவது

இதை எத்தனை முறை பார்த்தாலும் கோபம் வருகிறது.

ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி தருவதாகச் சொல்லும். ஒப்பந்தம் கையெழுத்தாகி முதல் தவணை வர அக்டோபர் ஆகிவிடும். மார்ச் 31க்குள் செலவழித்துக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆள் எடுத்துப் பயிற்சி கொடுப்பதற்குள் பாதி நாள் ஓடிவிடும். ப்ரொபோசலிலோ ‘500 குடும்பங்களுக்கு ஆலோசனை’ என்று எழுதியாகிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஓர் அமைப்பு இப்படித்தான் ஆலோசனை மையம் திறந்தது. கணவனின் அடி தாங்காமல் ஒரு பெண் வந்தார். கவுன்சிலர் அவரை, இப்படிப்பட்ட பெண்களுக்கு உதவ அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் அழைத்துப்போய், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மனுப் போட வைத்தார். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் வாய்தா மேல் வாய்தா போனது. ஏப்ரலில் பணம் நின்றது, கவுன்சிலரும் போய்விட்டார். அடுத்த வாய்தாவில் அந்தப் பெண் தனியாக நின்றார். எதிரே புருஷன் வீட்டார் கூட்டமாக வந்திருந்தார்கள். மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பினார். இவளுக்குப் பின்னால் யாருமில்லை என்பது அந்தக் கணவனுக்கு இப்போது உறுதியாகத் தெரியும். மையம் திறக்காமலே இருந்திருந்தால் அதுவாவது தெரியாமல் இருந்திருக்கும். அறிக்கையில் அவர் ‘பயனடைந்தவர்’.

ஒரு குடும்பத்தோடு எத்தனை காலம் கூட நிற்க வேண்டியிருக்கும், ஒரு கவுன்சிலர் எத்தனை கேஸ் தாங்குவார் என்று முதலில் கணக்குப் போடுங்கள். பணத்தைப் பிறகு தேடுங்கள். தொடங்கும் நிதியாண்டு போக மூன்றாண்டு வரை நீளும் ‘தொடர் திட்டம்’ சி.எஸ்.ஆர். விதிகளிலேயே இருக்கிறது, வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. ஓராண்டுதான் தருவோம் என்றால், பயிற்சி, விழிப்புணர்வு முகாம் என்று ஓராண்டில் முடியும் வேலைக்கு மட்டும் அதை வாங்குங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கடைசி மூன்று மாதம் புதுக் கேஸ் எடுக்காதீர்கள். இருக்கும் கேஸ்களை, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் சகி மையத்திடமோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ ஒப்படையுங்கள். ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. போன் நம்பரை எழுதிக் கொடுத்தால் அது ஒப்படைப்பு ஆகாது. கூடவே போய், இனி யார் பார்ப்பார் என்று ஆளைக் காட்டிவிட்டு வர வேண்டும்.

களப்பணியாளர் இல்லாத திட்டக் கூட்டம்

கூட்டவே வேண்டாம்.

அரசு தருவதையே நாமும் தருவது

கணவரை இழந்த தாயின் பிள்ளைகளுக்குப் பல அமைப்புகள் சின்னதாக ஓர் உதவித்தொகை தருகின்றன. குழந்தைகள் நலனுக்கான அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அந்தத் தாய்க்குத் தேவை, வருமானச் சான்றுக்கும் இறப்புச் சான்றுக்கும் அலையும்போது கூட வர ஓர் ஆள். அந்த ஆளின் சம்பளத்தையும் பஸ் செலவையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்.

தலை எண்ணிக்கையை இலக்காக வைப்பது

எத்தனை பேர் வந்தார்கள் என்பது வருகைப் பதிவேடு. ஆறு மாதம் கழித்து மறுபடி அடி விழுந்ததா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று கேளுங்கள்.

மூத்த கவுன்சிலரை வெட்டுவது

வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50. அதற்குப் பயந்து முதலில் கை வைப்பது நிர்வாகச் செலவாக எழுதப்படும், இளையவர்களுக்கு வழிகாட்டும் மூத்த கவுன்சிலரின் சம்பளத்தில். நாள் முழுக்க அடி உதைக் கதைகளைக் கேட்கும் 23 வயதுப் பெண்ணுக்கு மாலையில் பேச ஓர் ஆள் இல்லையென்றால் அவரும் நிற்க மாட்டார். குடும்பங்கள் புது ஆளிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். மூத்தவர் நேரடியாகப் பார்க்கும் கேஸ்களைப் பணி விவரத்திலேயே தனியாக எழுதி, அந்தப் பங்கை எந்தத் தலைப்பில் காட்டலாம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.