காளை ஏற்றப் பழைய பிக்கப் வாங்குகிறீர்களா? முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள்

பொங்கல் கழிந்ததும் எங்கள் வேலூர்ப் பக்கம் எருது விடும் விழா களைகட்டிவிடும். அணைக்கட்டு, கணியம்பாடி, கே.வி.குப்பம் என்று வாரம் ஓர் ஊர். காளையைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் வாடகை கையைக் கடிக்கும்போது, "பழைய பிக்கப் ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, வாங்கினேன். மூன்றாவது மாதம் தளத்தகடு விட்டுப்போய்க் காளையின் பின்னங்கால் உள்ளே இறங்கியது. நல்லவேளை, வண்டி ஓடவில்லை, சிராய்ப்போடு தப்பித்தது. வாங்கும்போது எஞ்சின் சத்தத்தை அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்டவன், தளத்தில் விரித்திருந்த ரப்பர் பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை.

முதன்முறை வாங்குபவர்களுக்காக, நான் செய்திருக்க வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எந்த வண்டி என்று முடிவு செய்யுங்கள்

விற்பவரிடம் போவதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தைக்குப் போங்கள். மாடு ஏற்றும் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எந்த வண்டியில் எது முதலில் போகும் என்று மணிக்கணக்கில் சொல்வார்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிப்படி ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும், அதாவது ஏறக்குறைய 21.5 சதுர அடி. குதிரை என்றால் 2.25 சதுர மீட்டர். நிலையான தடுப்பும் இருக்க வேண்டும். எட்டரை அடி நீளம், ஐந்தரை அடி அகலம் உள்ள பிக்கப் என்றால் இரண்டு காளை, அதற்கு மேல் இல்லை. குட்டி யானையில் ஒன்றுதான். டேப் எடுத்துப்போய் நீங்களே அளந்து பாருங்கள், புரோக்கர் வாயால் அளப்பதை நம்பாதீர்கள்.

தள உயரத்தையும் கவனியுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் வரப்பிலோ மண்மேட்டிலோ வண்டியைப் பின்பக்கமாக ஒட்டித்தானே ஏற்றுகிறோம்? தளம் தாழ்வாக இருந்தால் காளை மிரளாமல் ஏறும்.

படி 2: பாயைத் தூக்குங்கள், அடியில் படுங்கள்

எஞ்சினை எந்த மெக்கானிக்கும் சரிசெய்வார். தளமும் சேஸும் துருவேறியிருந்தால் அந்தச் செலவுக்கு அடிமுடி கிடையாது. மாட்டு மூத்திரமும் சாணியும் பாய்க்கு அடியில் தேங்கித் தகட்டை மெல்ல மெல்லத் தின்றுவிடும், மேலே ஒன்றும் தெரியாது.

சின்னச் சுத்தியல், ஒரு திருப்புளி, டார்ச் போதும். தளத்தை மூலைக்கு மூலை தட்டுங்கள். 'ணங்' என்றால் சரி, 'டொப்' என்றால் அங்கே தகடு மெலிந்திருக்கிறது. சந்தேகமான இடத்தில் திருப்புளியை ஊன்றி அழுத்துங்கள். விற்பவர் முகம் மாறும், மாறட்டும். பிறகு அடியில் போய்க் குறுக்குச் சட்டங்களையும், பாரம் தாங்கும் வில் போன்ற கமான் பட்டைகளையும் பாருங்கள். பட்டையில் வெடிப்போ, ஒரு பக்கம் வண்டி சாய்வோ தெரிந்தால் அதிக பாரம் அடித்த வண்டி. சேஸில் மட்டும் புத்தம்புதிதாகக் கருப்பு பெயிண்ட் பளபளத்தால் இன்னும் உஷார். என் வண்டியிலும் அப்படித்தான் பளபளத்தது.

பின்கதவின் கீல்களையும் கொண்டிகளையும் ஆட்டிப் பாருங்கள். சிமெண்ட் மூட்டை கதவில் சாயாது, ஐந்நூறு கிலோ காளை சாயும். கயிறு கட்டும் வளையம் வெறும் தகட்டில் பற்றவைத்ததா, சட்டத்தோடு சேர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

படி 3: வண்டி இதற்கு முன் என்ன ஏற்றியது?

இது நம் வட்டாரத்துக்கே உரிய கேள்வி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளுக்குப் பச்சைத்தோல் ஏற்றிய வண்டி என்றால், தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பு இடுக்கெல்லாம் இறங்கியிருக்கும். மாட்டு மூத்திரத்தைவிட அது பொல்லாதது. அப்படிப்பட்ட வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் தொடமாட்டேன். 2021 நவம்பர் பாலாற்று வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் விசாரியுங்கள். சீட்டைக் கழற்றிப் பார்த்தால், கழுவ எட்டாத மூலைகளில் வண்டல் ஒட்டியிருக்கும்.

படி 4: எஞ்சின்

காலையில், குளிர்ந்த எஞ்சினாகப் பாருங்கள். நீங்கள் போவதற்குள் சூடாக ஓட்டி வைத்திருந்தால் "நாளைக்கு வரேன்" என்று திரும்பிவிடுங்கள். ஸ்டார்ட் செய்தபின் ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை தள்ளக் கூடாது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரேடியேட்டர் தண்ணீர் டீ நிறத்தில் குழம்பியிருந்தால் வேண்டாம். ஏற்றத்தில் கிளட்சையும், காலி ரோட்டில் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதையும் பாருங்கள். மீதி உங்கள் மெக்கானிக் வேலை, அவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள்.

படி 5: பேப்பர்

ஆர்.சி. புத்தகத்தை மட்டும் நம்பாமல் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போடுங்கள். எப்.சி. எனும் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், கடன் விவரம் தெரியும். அபராத பாக்கியை இ-சலான் தளத்தில் பாருங்கள். சேஸில் அடித்திருக்கும் எண்ணைக் கண்ணால் பார்த்து ஒப்பிடுங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். 15 வயது தாண்டினால் கட்டணமும் எக்கச்சக்கமாக ஏறும். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாவிட்டால் பெர்மிட் தேவையில்லை. அந்த எடை ஆர்.சி.யிலேயே இருக்கும்.

ஃபைனான்ஸ் வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப்பணம் தராதீர்கள். மணல், ரேஷன் அரிசி கடத்தலில் பிடிபட்ட வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நீதிமன்றம் விடுவித்த வண்டியை வாங்கிவிட்டால், பணமும் போய் வண்டியும் போகும். வண்டி ஓடிய பகுதிக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 6: விலை

மார்கழியில் வாங்காதீர்கள். எல்லோருக்கும் வண்டி தேவைப்படும் மாதம் அது. ஆடியில் பேசினால் விற்பவர் இறங்கி வருவார். முழு இன்சூரன்ஸ் உள்ள வண்டி என்றால் பாலிசியில் ஐடிவி என்று, இன்சூரன்ஸ்காரர் வண்டிக்குப் போட்ட மதிப்பு இருக்கும், பேரத்தை அதற்குக் கீழே தொடங்குங்கள். தளம் மாற்றப் பட்டறையில் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டுவைத்து அதையும் கழியுங்கள்.

படி 7: பெயர் மாற்றம்

"அப்புறம் மாத்திக்கலாம்ணா" என்பார்கள். மாற்றவே மாட்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். படிவம் 29, 30 இரண்டிலும் பணம் கொடுக்கும் அன்றே கையெழுத்து வாங்குங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸுக்கு 14 நாள்தான்.

அதன்பிறகு தடுப்பும் உயரமான பக்கச் சட்டமும் அடிக்கலாம். பட்டறைக்குப் போவதற்கு முன் அந்த மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ.வில் அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் அடுத்த எப்.சி.யில் பிடிப்பார்கள். தளத்தில் வழுக்காத தேங்காய்நார் பாய் போடுங்கள், வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவிக் காயவையுங்கள். காளையை முகம் எஞ்சின் பக்கம் இருக்கும்படி கட்டுங்கள், கூட ஓர் ஆள் நிற்கட்டும்.

முதல் நாள் எங்கும் போக வேண்டாம். வீட்டு மேட்டிலேயே ஏற்றி, எஞ்சினை அணைத்து, வைக்கோல் போட்டு அரை மணி நேரம் நிற்கவிடுங்கள். அசைபோட ஆரம்பித்ததும் சாவியைத் திருப்புங்கள், தெருமுனைவரை போய்த் திரும்பினால் அன்றைக்குப் போதும்.