பகட்டுக்கு எந்த ஆங்கிலச் சொல்?

ஹோம்ஸ்டே விளம்பரம் எழுதும்போதும், கன்னியாகுமரிக்கு வரும் வெளிநாட்டுக்காரருக்கு ஊரை விளக்கும்போதும் நாம் தடுக்கி விழும் சொல் ‘கிராண்ட்’. கிராண்ட் சேலை, கிராண்ட் மேக்கப், கிராண்ட் பந்தல் என்று எதையும் விடுவதில்லை. ஜரிகை அடர்ந்த சேலையை அப்படிச் சொன்னால் இங்கிலாந்துக்காரர் விழிப்பார். சேலைக்கு ‘ரிச்லி வோவன்’, மேக்கப்புக்கு ‘ஹெவி’ போதும்.

சொல்லைத் தேடும் முன் இரண்டு கேள்விகள். கூடிப்போனது எது: நிறமா, வெளிச்சமா, பணமா, வேலைப்பாடா, ஆளின் தோரணையா? அடுத்து, நீங்கள் மெச்சுகிறீர்களா, முகம் சுளிக்கிறீர்களா? நம் ‘பகட்டு’ எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடும். ஆங்கிலத்தில் அது நடக்காது.

நிறம் கூடி ரசனை குறைந்தால் ‘காடி’ (gaudy). கண்ணே கூசினால் ‘கேரிஷ்’. மினிபஸ்ஸுக்குள் ஊதாவும் பச்சையுமாக ஓடும் எல்.இ.டி. வரிசைக்குக் கேரிஷ்தான் பொருந்தும். சட்டை, டை, திரைச்சீலை போன்ற துணிக்கு ‘லவுட்’ என்றும் சொல்லலாம். ஆனால் அதே சொல்லை ஆளுக்குப் போட்டால் சத்தம் போடுகிறவர் என்றாகிவிடும்.

பணத்தைக் காட்டுவது ‘ஆஸ்டென்டேஷஸ்’. ‘எடுத்துக் காட்டுதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. மார்த்தாண்டத்து ரிசப்ஷனில் ஏழடுக்குக் கேக் வைத்தால், அதன் மேலுள்ள நீலமும் ரோஸும் காடி; ஊர் பார்க்கட்டும் என்று அதை வைத்த செயல் ஆஸ்டென்டேஷஸ். வெறும் மஞ்சள் சட்டையை அப்படிச் சொல்வது பரீட்சைத் தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

பார்த்தவுடன் இழுக்கும் கார், வாட்ச் ‘ஃப்ளாஷி’. ஆளின் நடையுடை பாவனைக்கு ‘ஃப்ளாம்பாயண்ட்’. இதில் பாதி பாராட்டு. தீக்கொழுந்து என்ற பிரெஞ்சுச் சொல்லில் பிறந்து, தழல்போல் வளைந்த கல் ஜன்னல்கள் கொண்ட 15ஆம் நூற்றாண்டுத் தேவாலயப் பாணிக்குப் பெயரானது. சாலையோரக் குல்மோகரையும் ஆங்கிலத்தில் அப்படி அழைப்பதுண்டு. மரத்தை நினைத்துக்கொண்டால் பொருள் மறக்காது.

மலிவும் மங்கலும் சேர்ந்த பகட்டு ‘டாட்ரி’. இங்கிலாந்தின் ஈலி ஊரில் புனித ஆட்ரி பெயரால் நடந்த சந்தையில் பட்டு நாடா விற்பார்கள். ‘செயின்ட்’ என்பதன் கடைசி ‘ட்’ ஆட்ரி என்ற பெயரோடு ஒட்டி டாட்ரி ஆயிற்று. தரம் இறங்க இறங்கச் சொல்லும் இறங்கியது. ‘கிட்ச்’ வேறு: அசடு வழிந்தாலும் பிரியத்தோடு வாங்கத் தோன்றுவது. முக்கடல் கரையில் விற்கும் சிப்பி ஒட்டிய கண்ணாடிச் சட்டம், பெயர் எழுதிய சங்கு எல்லாம் கிட்ச். அவற்றை டாட்ரி என்றால் விற்பவருக்கு வலிக்கும்.

அதிகம் பிசகுவது பாராட்டில்தான். சுசீந்திரத்தின் 7 நிலைக் கோபுரத்தைக் காடி என்று எழுதினால் அது வசவு. ‘ஆர்னேட்’, வேலைப்பாடு நிறைந்தது, என்று எழுதுங்கள். தோவாளையில் அரளிப்பூவை மடித்துக் கட்டும் மாணிக்கமாலை ‘இன்ட்ரிகேட்’, நுணுக்கமானது. பத்மநாபபுரம் அரண்மனையின் நுழைவு மண்டபமான பூமுகத்தின் மரக் கூரையில் செதுக்கிய 90 பூக்களுக்கும் அதுவே. அங்குள்ள கருந்தரை பளபளக்கும், ஆனால் பகட்டில்லை. ‘பாலிஷ்ட்’ என்றால் முடிந்தது. ஃப்ளாஷி போட்டால் அரண்மனை ஷோரூம் ஆகிவிடும்.

எழுத்தே மினுக்கினால் வேறு சொற்கள். பூவாகச் சொரியும் நடை ‘ஃப்ளோரிட்’. வெற்றுப் பெருமுழக்கம் ‘பாம்பாஸ்டிக்’: பாம்பாஸ்ட் என்பது ஒரு காலத்தில் உடைக்குள் திணித்த பஞ்சு! மிகையலங்கார உரைநடை ‘பர்ப்பிள் ப்ரோஸ்’.

‘வெரி’ சேர்க்காதீர்கள், இந்தச் சொற்களில் மிகை ஏற்கெனவே உண்டு. சந்தேகம் வந்தால் தீர்ப்பை விட்டுவிட்டு ‘ப்ரைட்லி பெயின்டட்’ என்று கண்டதை எழுதுங்கள்.

உச்சரிப்பு: எழுத்தைப் பார்த்துக் ‘கௌடி’ என்பார்கள்; ‘காடி’தான் சரி. பார்சிலோனாக் கட்டடக் கலைஞர் கௌடியிடமிருந்து வந்தது என்பது கட்டுக்கதை. அவர் பிறந்தது 1852. சொல் அதற்கு மூன்று நூற்றாண்டு மூத்தது. ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி எதுவும் உங்களைக் ‘காடி’க்கு அழைத்தால் கோபப்பட வேண்டாம், அது பழைய மாணவர்களுக்கான விருந்து.