இரு உலகப் போர்களுக்கு நடுவே ஆடிய ஜெர்மன் கால்பந்து வீரரின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

சங்க மலருக்கோ, வினாடி வினாவுக்கோ, தமிழ் விக்கிப்பீடியாவுக்கோ 1919 முதல் 1939 வரை ஆடிய ஜெர்மன் வீரர் ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கை தானாகவே ‘கிளப், ஆட்டங்கள், கோல்கள்’ என்று கட்டம் போடும். அந்தக் கட்டம் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது. புண்டஸ்லிகா பிறந்ததே 1963இல்தான். 1933 வரை நாடு ஏழு வட்டாரச் சங்கங்களாகப் பிரிந்திருந்தது. அவற்றுக்குள்ளும் பல லீக்குகள். 1933இல் அவற்றை எடுத்துவிட்டு 16 காவ்லிகாக்களை (வட்டார உயர்மட்ட லீக்குகளை) கொண்டுவந்தார்கள். அங்கே முன்னணியில் முடித்த அணிகள் மோதித்தான் ஜெர்மன் சாம்பியன் யார் என்று முடிவாகும். ஆகவே ‘லீக்கில் மொத்தம் இத்தனை கோல்’ என்று ஒரு முழு எண்ணைப் பார்த்தால், அது எந்தப் போட்டிகளின் கூட்டல், நட்பு ஆட்டங்களும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் எடுக்காதீர்கள்.

நாட்டு அணி ஆட்டங்களிலிருந்து தொடங்குவதே சரி. எண்ணிக்கை குறைவு, தேதி உறுதி, பதிவும் கிடைக்கும். எக்செலில் ஏழு பத்திகள் போதும்: தேதி, ஊர், எதிரணி, முடிவு, அவர் அடித்த கோல், ஆடிய இடம், அன்று அவர் இருந்த கிளப். வால்டாஃப் மன்ஹைமின் ஓட்டோ சிஃப்லிங்கை எடுத்துக்கொண்டால் மொத்தம் 31 வரிசைகள், கோல் பத்தியின் கூட்டல் 17. ஒரு வரிசை இப்படி வரும்: 16 மே 1937, பிரெஸ்லாவ், டென்மார்க், 8-0, 5 கோல், சென்டர் ஃபார்வர்ட், வால்டாஃப். கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். கிளப் எப்போது மாறினார் என்பது பெரும்பாலும் அதிலிருந்துதான் பிடிபடும். ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் பட்டியல், ஆர்எஸ்எஸ்எஸ்எஃப் என்ற கால்பந்துப் புள்ளிவிவர இணையதளத்தின் தொகுப்பு இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத வரிசைக்கு மட்டும் அன்றைய செய்தித்தாளைத் தேடுங்கள்.

வழுக்கும் இடம் பெயர்தான். அணிப்பட்டியலில் குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஜெர்மன் அணியில் இரண்டு ஹோஃப்மன்கள் இருந்தார்கள். ஒருவர் 25 ஆட்டங்களில் 24 கோல் அடித்த ரிச்சர்ட். 1930 மே 10 அன்று பெர்லினில் இங்கிலாந்துடன் 3-3 என முடிந்த ஆட்டத்தின் மூன்று ஜெர்மன் கோல்களும் இவருடையவை. இன்னொருவர் பயர்ன் மியூனிக்கின் லுட்விக். முதற்பெயரை உறுதி செய்யாமல் கோலை யார் கணக்கிலும் ஏற்றாதீர்கள்.

ஆடிய இடத்தை இன்றைய சொல்லால் நிரப்புவதும் தவறு. ஆஃப்சைடு விதி 1925இல் மாறியது. கோலுக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவே எதிரணியில் மூவர் வேண்டும் என்றிருந்தது இருவராகக் குறைந்தது. அதற்கு முன் நியூரம்பர்கின் ஹான்ஸ் கால்ப் ஆடிய சென்டர் ஹாஃப், பந்தைப் பகிர்ந்து ஆட்டத்தையே நடத்தும் இடம். பிறகு அதே பெயரில் பல அணிகளில் நின்றவர் ஸ்டாப்பர், அதாவது எதிரணியின் தாக்குதலைத் தடுக்கும் நடுத் தற்காப்பாளர்.

பழைய செய்தித்தாள்களுக்கு ஆஸ்திரிய தேசிய நூலகத்தின் அன்னோ இணையக் காப்பகம் இலவசம். ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை நடந்ததால் திங்கள், செவ்வாய் இதழ்களைத் திறங்கள். 1931 செப்டம்பர் 13 அன்று வியன்னாவில் ஜெர்மனி 0-5 என்று தோற்றதா, மறுநாள் வியன்னா இதழ்களில் அணிப்பட்டியலோடு கிடைக்கும். பல இதழ்கள் ஃபிராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தில் வந்தவை. அதில் சொல்லின் நடுவே வரும் எஸ், எஃப் போலவே இருக்கும். கணினி ஹோஃப்மனை ‘ஹோஸ்மன்’ என்று படித்துவிடும். தேடும்போது இரண்டு எழுத்துக்கூட்டலையும் போடுங்கள். ஜெர்மன் வாக்கியம் புரியாவிட்டால் பெங்களூரு இந்திராநகர் சிஎம்எச் ரோட்டில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. அங்கே ஜெர்மன் படிப்பவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலை பாதியாகும்.

பட்டியல் முடிந்ததும் இடைவெளிகளைப் பாருங்கள். வாழ்க்கை வரலாறு இருப்பது அங்கேதான். ஒரு வருடம் ஆடவில்லை என்றால் உடனே ‘காயம்’ என்று எழுதுவது பெரிய தவறு. சம்பளத்துக்கு ஆடுவது அன்று விதிமீறல். பெங்களூரின் எச்ஏஎல், ஐடிஐ தொழிற்சாலை அணிகளில் ஆடியவர்களுக்கு இருந்ததுபோல இவர்களுக்கும் வேலை ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். எர்ன்ஸ்ட் குசோரா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அனுமதித்ததைவிட அதிகச் செலவுப்பணம் கொடுத்ததற்காக 1930 ஆகஸ்டில் ஷால்கே அணியின் 14 பேர் தடை செய்யப்பட்டார்கள். குசோராவும் ஃபிரிட்ஸ் ஷெபானும் அதில் அடக்கம். 1931 ஜூனில்தான் மீண்டும் களம் இறங்கினார்கள். 1934 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக ஹாட்ரிக் அடித்த எட்முண்ட் கோனன் 1935க்குப் பிறகு நோயால் விலகி, 1939இல் நாட்டு அணிக்குத் திரும்பினார். சிஃப்லிங் 1939 அக்டோபரில், 27 வயதில் இறந்துவிட்டார்.

1933க்குப் பிறகு வரும் இடைவெளிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அந்த ஆண்டு கிளப்புகள் யூத உறுப்பினர்களை வெளியேற்றின. முதல் உலகப் போருக்கு முன் நாட்டுக்காக 7 முறை ஆடிய யூலியுஸ் ஹிர்ஷ் கார்ல்ஸ்ரூஹே கிளப்பிலிருந்து அப்போதுதான் விலகினார். 1943இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். எதிர்ப்பக்கத்தையும் எழுத வேண்டும். ஹாம்பர்க் அணியின் டுல் ஹார்டர் 15 ஆட்டங்களில் 14 கோல் அடித்தவர், 1923, 1928 சாம்பியன். அதே ஆள் நாஜிக்களின் எஸ்எஸ் படையில் சேர்ந்து நொயங்காம்மே வதைமுகாமில் காவலராக இருந்தார், ஹானோவர்-ஆலம் முகாமுக்குத் தலைவரானார், 1947இல் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றத்தில் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஹாம்பர்க்கில் அவருடன் ஆடிய நார்வேக்காரர் அஸ்பியோர்ன் ஹால்வோர்சன் நாஜிக்களின் கைதியாக அதே நொயங்காம்மேவுக்கு வந்து சேர்ந்தார். கோல் கணக்கோடு முடித்துவிட்டால் அது ஹார்டரின் வரலாறே அல்ல.

ஹார்டரின் பட்டப் பட்டியலில் 1922ஐச் சேர்க்காதீர்கள். அந்த வருட இறுதி ஆட்டம் நியூரம்பர்குடன் 2-2, மறு ஆட்டம் 1-1. இரண்டிலும் முடிவில்லை, அந்த ஆண்டுக்குச் சாம்பியனே இல்லை.

ஊர்ப் பெயரை அன்றைய வழக்கில் எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் கொடுங்கள்: பிரெஸ்லாவ் இன்று போலந்தின் விரோட்ஸ்வாஃப், கோனிக்ஸ்பர்க் இன்று ரஷ்யாவின் காலினின்கிராட். நாடு மாறியவருக்கு இரண்டு பட்டியல் போடுங்கள். எர்ன்ஸ்ட் வில்லிமோவ்ஸ்கி போலந்துக்கு 22 ஆட்டத்தில் 21 கோலும், 1941-42இல் ஜெர்மனிக்கு 8 ஆட்டத்தில் 13 கோலும் அடித்தார். இரண்டையும் கூட்டி 34 என்று ஒரே வரியில் போட்டால், எந்தச் சட்டைக்கு எந்தக் கோல் என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.