யோனி நுண்ணுயிர் ஆய்வு: ஸ்வாப் எடுப்பதிலிருந்து ஃப்ரீசர் வரை

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சீக்வென்சிங் (டிஎன்ஏ வரிசையைப் படிப்பது) பற்றியும், வந்த தரவை அலசும் மென்பொருள் பற்றியும்தான் கேட்கிறார்கள். ஸ்வாப் (மாதிரி எடுக்கும் குச்சி) உடம்பை விட்டு வெளியே வந்ததிலிருந்து ஃப்ரீசருக்குள் போகும்வரை என்ன நடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அந்த இடைவெளியில் கெட்டுப்போனதை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. நெறிமுறைக் குழு அனுமதியும் பங்கேற்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

படி 1: எதற்காக எடுக்கிறீர்கள்?

டிஎன்ஏ மட்டும் போதும் என்றால், பாக்டீரியாவைக் கொன்று டிஎன்ஏவைக் காக்கும் பாதுகாப்புத் திரவம் வசதி. பாக்டீரியாவையே வளர்ப்புத் தட்டில் வளர்க்க வேண்டும் என்றால் அந்தத் திரவம் பக்கத்திலேயே வரக்கூடாது. பாக்டீரியாவை உயிரோடு வைத்திருக்கும் ஏமிஸ் ஊடகத்தில் எடுத்து, கிளிசரால் கலந்து உறையவைக்க வேண்டும். லாக்டிக் அமிலம் போன்ற வேதிப்பொருட்களை அளப்பதாக இருந்தால் எதிலும் முக்காமல் வெறும் ஸ்வாப்பாகவே உடனே உறையவைப்பது நல்லது. ஒரே ஸ்வாப்பில் எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டு மூன்று எடுங்கள். எது முதலில், எது இரண்டாவது என்ற வரிசை எல்லாப் பங்கேற்பாளருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

படி 2: ஸ்வாப்

என் ஓட்டு ஃபிளாக்டு நைலான் ஸ்வாப்புக்குத்தான். அதன் இழைகள் வெளிப்புறமாக நிற்பதால் எடுத்ததைத் திரவத்தில் எளிதாக விட்டுவிடும். பஞ்சு உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். மரக்குச்சி வேண்டவே வேண்டாம், அதிலிருந்து கசியும் பொருட்கள் பிசிஆரை (டிஎன்ஏவைப் பலமடங்காகப் பெருக்கும் வினையை) தடுக்கலாம். முழு ஆய்வுக்கும் ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) வாங்கி, பயன்படுத்தாத சிலவற்றை பிளாங்க் கன்ட்ரோலாக (மாதிரி இல்லாத ஒப்பீடாக) ஒதுக்கி வையுங்கள். டிஎன்ஏ பிரிக்கும் கிட்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ ஒட்டியிருப்பது தெரிந்த விஷயம். யோனி மாதிரியில் பொதுவாக பாக்டீரியா நிறைய இருக்கும் என்பதால் இது கண்ணில் படாது. மாதவிடாய் நின்றவர்களிடம் பாக்டீரியா குறைவாக இருக்கும்போது கிட்டின் அழுக்குதான் உரக்கப் பேசும்.

படி 3: கேள்விப் படிவம்

மாதவிடாய்ச் சுழற்சியின் எத்தனையாவது நாள், கடந்த 48 மணி நேரத்தில் உடலுறவு உண்டா, சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தாரா, கருத்தடை முறை, உள்ளே கழுவும் பழக்கம், லூப்ரிகன்ட். இவற்றை மாதிரி எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். இரத்தமும் விந்துவும் பிஎச்சை (அமில, கார நிலையின் அளவை) உயர்த்திவிடும். மாதவிடாய் நாட்களில் லாக்டோபேசில்லஸ் (லாக்டிக் அமிலம் சுரக்கும் நல்ல பாக்டீரியா) குறைவதும் இயல்பு. இந்தத் தகவல் இல்லாவிட்டால் அந்த மாற்றத்தை நோய் என்று வாசித்துவிடுவோம். தனியாக உட்கார்ந்து நிரப்பும் தாள் கொடுங்கள், நேருக்கு நேர் கேட்டால் பலர் உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள்.

படி 4: எடுப்பது

பங்கேற்பாளரே எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் எடுப்பதற்கு ஈடாகவே முடிவுகள் வருகின்றன. சுமார் 5 செ.மீ. உள்ளே செலுத்தி, சுவரைத் தொட்டபடி 10 முதல் 15 வினாடி சுழற்றி, வெளித்தோலில் படாமல் எடுக்க வேண்டும். தோலில் பட்டால் அங்கே வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா கூடவே வந்துவிடும்.

விளக்கத் தாளில் படம் போட்டு ஒன்றைச் சொல்லுங்கள்: ஸ்வாப்பை முதலில் திரவத்தில் நனைக்கக் கூடாது. டியூபில் திரவத்தைப் பார்த்ததும் நனைத்துவிட்டு உள்ளே வைக்கத் தோன்றுவது இயல்பு. அந்த ரசாயனம் மென்மையான தோலை எரிக்கும்.

பிஎச் பார்ப்பதாக இருந்தால் திரவத்துக்குள் போவதற்கு முன்பே தாளில் உருட்டிவிடுங்கள். 0 முதல் 14 வரை காட்டும் பொதுத்தாள் இதற்கு உதவாது. 4.5ஐச் சுற்றி நுணுக்கமாகக் காட்டும் தாளே வேண்டும். நியூஜென்ட் மதிப்பெண் (நுண்ணோக்கியில் பாக்டீரியா வகைகளைப் பார்த்துப் போடுவது) போடுவதற்கான கண்ணாடித் தட்டிலும் ஸ்வாப்பை இதே சமயத்தில் தேய்த்துவிடலாம்.

படி 5: குச்சியை உடைப்பது

அற்பமாகத் தெரியும். மாதிரிகள் பாழாவது பெரும்பாலும் இங்கேதான். குச்சியில் ஒரு முறிவுக்கோடு இருக்கும். அந்தக் கோடு டியூபின் வாய்க்குச் சற்றுக் கீழே வரவேண்டும். ஒரு மில்லிமீட்டர் நீண்டாலும் மூடி திருகும்போது குச்சியில் முட்டி நிற்கும். கைக்கு இறுகியதுபோலத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்காது. ஃப்ரீசரில் ஈரம் வற்றும், உலர்பனியில் அனுப்பினால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே புகுந்து பஃபரை (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலை) அமிலமாக்கும். அதனால் ஸ்வாப்பும் டியூபும் வேறு வேறு நிறுவனத்தில் வாங்கினால், ஆய்வு தொடங்குமுன் காலி டியூபில் உடைத்து, மூடி, தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்.

படி 6: லேபிள், குளிர்

உறைந்த டியூபில் லேபிள் ஒட்டாது. அறை வெப்பத்தில், காய்ந்த டியூபில், முன்னாலேயே ஒட்டிவிடுங்கள். சாதாரண மார்க்கர் மை ஆல்கஹால் பட்டால் அழிந்துபோகும், அச்சிட்ட, கடுங்குளிரைத் தாங்கும் கிரையோ லேபிள்தான் எனக்குப் பிடித்தது. பெயர் எழுதாதீர்கள், குறியீடு போதும்.

பாதுகாப்புத் திரவம் இல்லாத மாதிரியை உடனே பனிக்கட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் மைனஸ் 80 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். பனி கட்டாத வகை ஃப்ரீசர் வேண்டாம், அது பனியைக் கரைக்க அவ்வப்போது தானே சூடாகும். உறைந்து உருகி மீண்டும் உறைவதுதான் மாதிரிக்கு எமன், ஆகவே உறையவைக்கும் முன்பே சிறு பங்குகளாகப் பிரித்து வையுங்கள். ஆர்என்ஏலேட்டர் என்ற பாதுகாப்புத் திரவம் என்றால் ஓரிரவு 4 டிகிரியில் ஊறட்டும், அப்புறம் உறையவையுங்கள். அதில் உப்பு அதிகம் என்பதால், டிஎன்ஏ எடுக்கும் முன் பஃபர் சேர்த்து நீர்க்கச்செய்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி பாக்டீரியாவைப் படியவைக்க வேண்டும்.

பிற்சேர்க்கை

கார்ட்னரெல்லா (யோனியில் காணப்படும் ஒரு பாக்டீரியா) தன் மாதிரிகளில் வரவே இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். சேமிப்பைச் சந்தேகப்படும் முன் பிரைமரை (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டை) பாருங்கள். பலர் பயன்படுத்தும் பழைய 27எஃப் பிரைமர் அதனுடன் சரியாகப் பொருந்தாது.

இன்னொருவர் சிந்திய திரவத்தை பிளீச் ஊற்றித் துடைக்கலாமா என்றார். கூடவே கூடாது. இந்தத் திரவங்கள் பலவற்றில் குவானிடின் உப்பு உண்டு, அது பிளீச்சுடன் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். கையுறையோடு உறிஞ்சுதாளால் எடுத்து, தண்ணீரால் துடைத்து, ரசாயனக் கழிவுப் பையில் போடுங்கள்.