ஒரே பாடம், மூன்று புத்தகம்: குரூப் 4-க்குப் படிக்கும் முறை

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்க உட்காரும் பலர் முதல் வாரத்தில் செய்வது, கிடைத்த பிடிஎஃப்பையெல்லாம் போனில் இறக்கி வைப்பதுதான். நானும் வைத்திருந்தேன். பாதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த வேலூர்ப் புரட்சியை எடுத்துக்கொள்வோம். சமச்சீர் புத்தகங்களில் எட்டாம், பத்தாம், பதினொன்றாம் வகுப்பு மூன்றிலும் வருகிறது.

1. முதலில் பழைய வினாத்தாள். டிஎன்பிஎஸ்சி இணையதளத்திலேயே கிடைக்கும். இந்தப் பாடத்தில் எதைக் கேட்கிறார்கள் என்று பத்து நிமிடம் பாருங்கள், போதும்.

2. ஒன்றைத் தாய்ப்புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். என் தேர்வு பத்தாம் வகுப்பு. எட்டாவதை முதலில் கதைபோல ஒரு தடவை வாசித்துவிட்டால் பத்தாவது மிரட்டாது.

3. இதுதான் முக்கியம். பதினொன்றாம் வகுப்பைத் திறக்கும்போது தாய்ப்புத்தகமும் பக்கத்தில் விரிந்திருக்க வேண்டும். தாய்ப்புத்தகத்தில் இல்லாததை மட்டும் பென்சிலால் அதன் ஓரத்தில் எழுதுங்கள். தனி நோட்டு வேண்டாம். மூன்று நோட்டு சேர்ந்தால் கடைசி மாதத்தில் எதைப் புரட்டுவது? என் புத்தகத்தில் அந்தப் பக்க ஓரம் இப்படி இருக்கிறது: "10 ஜூலை 1806. புதிய தலைப்பாகை, தோல் சின்னம் → கோபம். கோட்டைக்குள் திப்புவின் மகன்கள். புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி. சென்னை ஆளுநர் பெண்டிங் திரும்ப அழைப்பு, 1807." ஐந்தே வரி. திருப்புதலுக்கு அதைப் பார்த்தாலே பாடம் முழுக்க நினைவுக்கு வந்துவிடும்.

பெயர்களில் கொஞ்சம் கவனம். ஓரிடத்தில் கில்லெஸ்பி, இன்னோரிடத்தில் ஜில்லஸ்பி என்று இருக்கும்; ஆள் ஒருவர்தான். இரண்டையும் எழுதி வையுங்கள்.

4. கைடு கடைசியில்தான், அதுவும் பயிற்சி வினாக்களுக்கு மட்டும். நான் வாங்கிய ஒன்றில் 1806 என்பது 1860 என்று அச்சாகியிருந்தது. அப்படியே மனப்பாடம் செய்து, மாதிரித் தேர்வில் வேலூர்க் கோட்டையைக் கோட்டைவிட்டேன். தகவல் முரண்பட்டால் பாடநூலைப் பாருங்கள். 2018, 2019-இல் பாடநூல்கள் மாறுவதற்கு முந்தைய பழைய புத்தகங்களும் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது பதிப்பு ஆண்டைப் பார்த்துவிடுங்கள்.

5. மூன்று நாள் கழித்து, புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் அந்த ஐந்து வரியை எழுதிப் பாருங்கள். விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அப்புறம் பாளையக்காரர் பாடத்துக்குப் போகலாம்.