நள்ளிரவுக்குப் பின் காணாமல் போன பேருந்துகள்

பொதுப் போக்குவரத்துப் பயணத்தைத் திட்டமிடும் செயலியை வடிவமைத்தபோது, இரவு 12 மணி தாண்டியதும், ஓடிக்கொண்டிருக்கும் பேருந்துகள்கூடத் தேடலில் வராமல் போயின. கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழித்தும், சர்வரின் நேர மண்டலத்தைச் சரிபார்த்தும் பயனில்லை. ஜிடிஎஃப்எஸ் (பொதுப் போக்குவரத்து அட்டவணைகளைப் பகிரும் பொது வடிவம்) தரவின் நிறுத்த நேரக் கோப்பை வரிவரியாகப் படித்தபோதுதான் '25:10:00' என்ற பதிவு கண்ணில் பட்டது. அது பிழையன்று; முந்தைய நாள் சேவையைச் சேர்ந்த வண்டி மறுநாள் அதிகாலை 1.10 மணிக்கு நிறுத்தத்தை அடைவதை அந்த வடிவம் அப்படித்தான் குறிக்கும். ஆகவே, நள்ளிரவுக்குப் பிந்தைய தேடல்களில் அன்றைய அட்டவணையோடு, தேடும் நேரத்துடன் 24 மணியைக் கூட்டி முந்தைய நாளின் அட்டவணையையும் பார்க்கச் செய்தேன். விடுபட்ட வண்டிகள் அனைத்தும் வந்துவிட்டன, பெரும் நிம்மதி. கோடைகால நேரமாற்றம் உள்ள நாடுகளில் இன்னொன்றும் முக்கியம்: இந்த நேரங்கள் நள்ளிரவிலிருந்து அல்லாமல், நண்பகலுக்கு 12 மணி நேரம் முன்பிருந்து எண்ணப்படுகின்றன; கடிகாரம் மாற்றப்படும் நாளில் இவை இரண்டும் ஒன்றல்ல.